ஸ்கேன் பொத்தானைத் தொடும் முன்: கேபிள் மேம்பாட்டில் காணாமல் போன சேனல்களைத் தேடுவது

“உங்கள் கேபிள் சேவை நேற்றிரவு மேம்படுத்தப்பட்டது” என்று ஒரு செய்தி வருகிறது. அன்று மாலையே வீட்டில் யாராவது ஒருவர் ரிமோட்டும் கையுமாக நின்று, “இது ஏன் வரல?” என்று கேட்கிறார். நேற்று வரை வந்த பத்துப் பதினைந்து சேனல்களைக் காணோம். மற்றவை எல்லாம் வழக்கம்போல ஓடுகின்றன. உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான்: மெனுவுக்குள் போய் மறுபடி ஸ்கேன் கொடுப்பது.

பல வீடுகளில் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும், மறுக்கவில்லை. தீராத வீடுகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அங்கே ஸ்கேன் பலன் தராதது ஒரு பக்கம், கையில் இருந்த தடயத்தையும் அது துடைத்துவிட்டுப் போகிறது. முழு ஸ்கேன் கொடுத்தால் பெரும்பாலான டிவிகளும் செட்டாப் பாக்ஸ்களும் பழைய பட்டியலை அழித்துவிட்டு, அந்த நிமிடத்தில் என்ன சிக்குகிறதோ அதை மட்டும் புதிதாக எழுதிக்கொள்கின்றன. தட்டுத்தடுமாறி வந்துகொண்டிருந்த சேனல் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டால், அதுவும் பட்டியலிலிருந்து காலி.

என் வீட்டில் அப்படித்தான் ஆனது. பன்னிரண்டு சேனல்களைக் காணோம் என்று ஸ்கேன் கொடுத்தேன். முடிந்து பார்த்தால் முப்பதுக்கு மேல் காணோம். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தபோது எதிர்முனையில் இருந்தவர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: “எந்தெந்த சேனல் சார் வரல?” என்னிடம் பதில் இல்லை. முதலில் போனவை எவை, நான் போக்கடித்தவை எவை என்று எனக்கே தெரியவில்லை. பிறகு மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்ததை, கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

ஆகவே முதல் வேலை பேனாவும் காகிதமும். காணாமல் போன சேனல்களின் பெயர்களை எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதினால் போதாது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பக்கத்தில் என்ன தெரிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சிக்னல் இல்லை’ என்கிறதா, ‘சந்தா இல்லை’ என்கிறதா, கறுப்புத் திரையா, படம் கட்டம் கட்டமாக உடைகிறதா, அல்லது பெயரே பட்டியலில் இல்லையா? ஐந்துக்கும் காரணம் வேறு வேறு. சேனல்கள் தனித்தனியாகத் தொலைவது அபூர்வம், கூட்டமாகத்தான் தொலையும். எந்தக் கூட்டம் தொலைந்தது என்று தெரிந்தால் காரணம் பாதி தெரிந்த மாதிரி.

ஏன் கூட்டமாக?

அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஓர் இடம் என்பதுதான் கணக்கு. கம்பியில் 6 மெகாஹெர்ட்ஸ், சில நாடுகளில் 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு, அதில் ஒரே ஒரு சேனல். டிஜிட்டல் வந்ததும் அந்தத் துண்டு ஒரு பேருந்தாக மாறிவிட்டது. 256 குவாம் என்னும் முறையில் தகவலை ஏற்றினால் 6 மெகாஹெர்ட்ஸ் துண்டு ஒன்றில் நொடிக்குச் சுமார் 38 மெகாபிட்டும், 8 மெகாஹெர்ட்ஸ் துண்டில் சுமார் 50 மெகாபிட்டும் போகும். சாதாரணத் தரத்தில் ஒரு சேனலுக்கு மூன்று நான்கு மெகாபிட் போதும் என்பதால், ஒரு பேருந்தில் பத்துப் பன்னிரண்டு சேனல்கள் உட்கார்ந்துவிடும். பேருந்து வரவில்லை என்றால் அதிலிருக்கும் அத்தனை பேரும் வரவில்லை.

இதில் ஒரு குழப்பம் உண்டு. நாம் ரிமோட்டில் அழுத்தும் எண்ணுக்கும் கம்பியில் அந்த சேனல் இருக்கும் இடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 101ஆம் எண்ணில் இருக்கும் செய்திச் சேனலும் 640இல் இருக்கும் பாட்டுச் சேனலும் ஒரே பேருந்தில் வரலாம். 101உம் 102உம் வெவ்வேறு பேருந்தில் வரலாம். எண் என்பது மேலே ஒட்டிய சீட்டு. எந்தச் சீட்டு எந்த அதிர்வெண்ணில் இருக்கிறது என்னும் அட்டவணையைக் கேபிள் நிறுவனம் சிக்னலோடு சேர்த்தே அனுப்பிக்கொண்டிருக்கும், பாக்ஸ் அதைப் படித்துக்கொள்ளும். அதனால் எண்ணை வைத்துப் பார்த்தால் சேனல்கள் கன்னாபின்னாவென்று தொலைந்த மாதிரி இருக்கும். அதிர்வெண்ணை வைத்துப் பார்த்தால் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருப்பது தெரியும்.

அதிர்வெண்ணை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான பாக்ஸ்களிலும் டிவிகளிலும் ‘சிக்னல் விவரம்’, ‘சேனல் தகவல்’ போன்ற பெயரில் ஒரு திரை ஒளிந்திருக்கும். சிலவற்றில் தகவல் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் வரும். அதில் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் ஓர் எண், சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று மூன்று விஷயங்கள் இருக்கும். இந்த மூன்றையும் காகிதத்தில் சேனல் பெயருக்கு எதிரே எழுதிவிட்டால் பாதி டெக்னீஷியன் ஆகிவிட்டீர்கள். பாக்ஸ் அடியோடு பிடிக்காத சேனலுக்கும் அது எந்த அதிர்வெண்ணில் முயல்கிறது என்று அநேகமாகக் காட்டும்.

மேம்பாடு என்றால் உள்ளே என்ன நடக்கிறது

மேம்பாடு என்றதும் டிவிக்காகச் செய்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பல சமயம் அது இன்டர்நெட்டுக்காக நடப்பது. டிவி பாவம், இடம் காலி செய்து தரும் வாடகைதாரர்.

ஒரே கோஆக்சியல் கம்பியில்தான் டிவியும் போகிறது, கேபிள் இன்டர்நெட்டும் போகிறது. இன்டர்நெட்டுக்கான விதிமுறைத் தொகுப்பின் பெயர் டாக்சிஸ். நம் வீட்டிலிருந்து நிறுவனத்துக்குத் திரும்பிப் போகும் தகவலுக்கு, அதாவது அப்லோடுக்கு, நெடுநாளாக ஒதுக்கியிருந்தது 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பிய முறையில் 65 வரை. அதற்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு டிவி தொடங்கும். டவுன்லோடு மட்டும் வேகமாக இருந்தால் போதும் என்றிருந்த காலத்தில் இந்தப் பங்கீடு சரிதான். இப்போது வீட்டுக்கு வீடு வீடியோ கால், கேமரா, கோப்பு ஏற்றுதல். எனவே 2013இல் வந்த டாக்சிஸ் 3.1 திரும்பும் பாதையை 85 மெகாஹெர்ட்ஸ் வரையும், தேவைப்பட்டால் 204 வரையும் நீட்ட இடம் கொடுத்தது. 204 வரை நீட்டினால் டிவியும் டவுன்லோடும் 258இலிருந்துதான் தொடங்க முடியும். அதற்குக் கீழே இருந்த சேனல்களுக்கு ஒன்று வேறு இடம் தேட வேண்டும், இல்லையென்றால் இன்னும் நெருக்கமாக அடுக்க வேண்டும். மேல் பக்கமும் கதவு திறந்தது. பழைய கேபிள் பின்னல்கள் 450, 550, 750, 860 என்று படிப்படியாக வளர்ந்தவை, புதிய விதி 1218 மெகாஹெர்ட்ஸ் வரை போகச் சொல்கிறது.

இதன் பலன், ஒரு நாள் இரவில் உங்கள் சேனல் 150 மெகாஹெர்ட்ஸிலிருந்து 780க்குக் குடிபோகிறது. நிறுவனத்தின் பக்கம் எல்லாம் பக்கா. ஆனால் உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர், அலமாரிக்குப் பின்னால் தொங்கும், ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், இவற்றிடம் 780ஐத் தாங்குவாயா என்று யாரும் கேட்கவில்லை.

கோஆக்சியல் வயரின் குணம், அதிர்வெண் ஏற ஏற சிக்னலை அதிகமாகத் தின்பது. ஏறத்தாழ அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தை ஒட்டி இழப்பு ஏறும். இந்த இழப்பை அளக்கும் அலகு டெசிபல். வீடுகளில் பரவலாக இருக்கும் ஆர்ஜி-6 வகை வயர் 100 மீட்டரில், 55 மெகாஹெர்ட்ஸ் அளவில் சுமார் 5 டெசிபல் இழக்கும், 1000 மெகாஹெர்ட்ஸில் 20 டெசிபலுக்கு மேல் இழக்கும். முதலாவதில் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் மிஞ்சும், இரண்டாவதில் நூற்றில் ஒரு பங்கு. ஆர்ஜி-59 என்னும் மெலிந்த பழைய வயர் என்றால் இன்னும் மோசம். வீட்டுக்குள் 100 மீட்டர் ஓடாதுதான். ஆனால் ஒவ்வொரு ஸ்பிளிட்டரும் தன் பங்குக்கு வெட்டிக்கொள்கிறது. இரண்டாகப் பிரிப்பது 3.5 டெசிபல், நான்காகப் பிரிப்பது 7 டெசிபல். அந்த நான்கில் ஒன்றின் முனையில் இன்னொரு இரண்டைச் சேர்த்திருந்தால் பத்தரை டெசிபல் போயிற்று, வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இதைவிடப் பொல்லாதது ஸ்பிளிட்டரின் வயது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அதன் மேலேயே ‘5–1000 மெகாஹெர்ட்ஸ்’ என்பது போல எல்லை அச்சிட்டிருக்கும். என் வீட்டில் அலமாரிக்குப் பின்னால், தூசிக்குள், நான் மறந்தே போயிருந்த ஒரு ஸ்பிளிட்டர் இருந்தது. அதில் இருந்தது 5–550. பல வருடம் அது ஒழுங்காக வேலை செய்தது, ஏனென்றால் 550க்கு மேலே என் பேக்கில் இருந்த எதுவும் வரவில்லை. மேம்பாட்டுக்குப் பிறகு 650க்கு மேலே ஏறிய எல்லாப் பேருந்தும் அந்த இடத்தில் தடுக்கி விழுந்தன. அது கெட்டுப்போகவில்லை, காலம்தான் அதைத் தாண்டிப் போய்விட்டது. இதே சந்தேகத்தைப் பழைய சுவர் சாக்கெட், சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர், மின்னல் பாதுகாப்புக்கென்று கேபிள் துளை வைத்த பவர் ஸ்ட்ரிப், யாரும் பயன்படுத்தாமல் வயர் மட்டும் உள்ளே போய் வெளியே வரும் பழைய வீடியோ ரெக்கார்டர் எல்லாவற்றின் மேலும் திருப்புங்கள்.

ஆகவே உங்கள் சீட்டில் தொலைந்த சேனல்கள் எல்லாம் உயர்ந்த அதிர்வெண்ணில் இருந்தால், 600க்கு மேல் ஒன்றும் வரவில்லை, கீழே எல்லாம் சுத்தமாக வருகிறது என்றால், பாக்ஸை விட்டுவிட்டு வயரைப் பின்தொடருங்கள்.

அதே இடத்தில் இருக்கும் சேனலும் போகலாம்

இடம் மாறாமலேயே சில சேனல்கள் தொலையும். பழைய முறை 64 குவாம் என்றிருந்ததை நிறுவனம் 256 குவாமாக மாற்றியிருக்கும். எட்டுக்கு எட்டாகப் புள்ளி வைத்த கோலத்தில், அதே அளவு தரையில் பதினாறுக்குப் பதினாறு வைக்கச் சொன்ன மாதிரி. புள்ளிகள் நெருங்கிவிடும், கை கொஞ்சம் நடுங்கினாலும் ஒன்று இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். கணக்கில் சொன்னால், 256 குவாமைப் பிழையில்லாமல் படிக்கச் சிக்னல் இரைச்சலைவிட இன்னும் 6 டெசிபல் மேலே நிற்க வேண்டும். நேற்று வரை ‘பரவாயில்லை’ என்றிருந்த வயரும் கனெக்டரும் இன்று தோற்பது இதனால்தான். எங்கள் பக்கம் எதுவும் மாறவில்லையே என்று வாடிக்கையாளர் சொல்வது உண்மை. கோளாறு உங்கள் வயரில் என்று டெக்னீஷியன் சொல்வதும் உண்மை.

டிஜிட்டல் தோற்கும் விதமும் வேறு. அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக விழும், ஆனாலும் முகம் தெரியும், சத்தம் கேட்கும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் பளிச்சென்று இருக்கும், எல்லையைத் தாண்டினால் ஒன்றுமே இருக்காது. நடுவே குறுகலான ஒரு பட்டை உண்டு. படம் கட்டம் கட்டமாக உடைவதும் சத்தம் விக்குவதும் அங்கேதான். உங்கள் வீட்டில் அப்படி உடைந்து உடைந்து வரும் சேனல் ஒன்று இருந்தால் அதைக் கெட்ட சகுனமாக எடுக்காதீர்கள். எந்த மாற்றம் நன்மை செய்கிறது, எது கெடுக்கிறது என்று உடனே காட்டும் சோதனைச் சேனல் அதுதான்.

சிக்னல் திரையில் வலிமையும் தரமும் தனித்தனியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டும் குறைவாக இருந்தால் வழியில் எங்கோ இழப்பு: நீண்ட வயர், அதிக ஸ்பிளிட்டர். வலிமை நன்றாக இருந்து தரம் மட்டும் மோசம் என்றால் குப்பை கலந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் தளர்ந்த கனெக்டர், நடுக்கம்பியில் பச்சை படிந்த துரு, தண்ணீர் இறங்கிய வயர். வலிமை தேவைக்கு மேல் இருந்தாலும் தரம் விழும், அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு ஆம்ப்ளிஃபையர் வாங்கிப் பொருத்துவது பல சமயம் நோயை முற்றவைக்கிறது. ஆம்ப்ளிஃபையர் சிக்னலோடு குப்பையையும் சேர்த்தே பெரிதாக்கும். சதவீதத்தில் காட்டும் பாக்ஸ்களின் கணக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி, அதை ஒரே வீட்டில் இரண்டு சேனல்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். டெசிபல் மில்லிவோல்ட் கணக்கில் காட்டினால் பூஜ்யத்தை ஒட்டி இருப்பது நல்லது. டெசிபல் மைக்ரோவோல்ட்டில் காட்டினால் 60ஐ ஒட்டி. இரண்டும் ஒரே அளவுதான், அளவுகோல்தான் வேறு.

குப்பை வெளியிலிருந்தும் வரும். 700, 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் மொபைல் போன்களின் 4ஜி அலைகளும் காற்றில் ஓடுகின்றன. கம்பிக்குள் அதே அதிர்வெண்ணில் சேனலை ஓட்டலாம், ஏனென்றால் கோஆக்சியல் வயரின் வெளிக்கவசம் இரண்டையும் பிரித்து வைக்கிறது, ஓட்டை விழாத வரை. கவசம் பிய்ந்த வயரிலும், கையால் பாதி திருகி விட்ட கனெக்டரிலும் வெளி அலை நுழைந்துவிடும். முன்பு அந்த இடத்தில் சேனல் இல்லை என்பதால் ஓட்டை இருந்ததே தெரிந்திருக்காது. ஒரே ஒரு பேருந்து மட்டும் விட்டு விட்டு வருகிறது, போனை பாக்ஸ் பக்கத்தில் வைத்துப் பேசினால் உடைகிறது என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கையால் திருகிய பிறகு ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி பிடிப்பதில் தீர்ந்துபோன வழக்குகள் ஏராளம்.

இன்னொரு விசித்திரமான அறிகுறி, யாராவது பெரிய கோப்பை இன்டர்நெட்டில் ஏற்றும்போது மட்டும் டிவி உடைவது. திரும்பும் பாதையை அகலமாக்கிய இடங்களில், மோடம் இப்போது பழைய டிவிப் பகுதியில் உரக்கக் கத்துகிறது. ஒரே ஸ்பிளிட்டரில் பக்கத்து முனையில் இருக்கும் பழைய பாக்ஸின் காதில் அது விழுந்து, தனக்கான சத்தம் கேட்காமல் போகிறது. நேரம் குறித்து வைத்தால் ஒழிய இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்டுபிடித்துச் சொன்னால் நிறுவனம் அதற்கான வடிகட்டியைப் பொருத்தித் தரும், அல்லது பாக்ஸை மாற்றும்.

வயர் குற்றவாளி அல்லாத வழக்குகள்

சிக்னல் வலிமையும் தரமும் நன்றாக இருக்கின்றன, ஆனாலும் படம் இல்லை. அப்படியென்றால் வயரைக் குடைவதை நிறுத்திவிடலாம்.

பெயர் வருகிறது, நிகழ்ச்சி விவரமும் வருகிறது, திரை மட்டும் கறுப்பு, சில சமயம் சத்தம் மட்டும் கேட்கிறது. இது பெரும்பாலும் சுருக்கும் முறையை மாற்றியதன் விளைவு. 1990களின் எம்பெக் 2, 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்இவிசி என்று ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய பாதி இடத்தில் அதே படத்தை அடக்கும் நோக்கில் வந்தவை. இடம் மிச்சமாகும் என்பதால் நிறுவனங்கள் மாறிக்கொண்டே போகின்றன. ஆனால் சுருக்கியதை விரிக்கும் வேலை பாக்ஸுக்குள் இருக்கும் சிப்பில் நடக்கிறது. பழைய சிப்புக்குப் புதிய முறை தெரியாது, மென்பொருளை மாற்றியும் பலன் இருக்காது. புது பாக்ஸ்தான் வழி. மேம்பாடு செய்தது நிறுவனம் என்பதால் பாக்ஸை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

எச்டி சேனல்கள் மட்டும் ஒட்டுமொத்தமாகக் கறுப்பு என்றால், எச்டிஎம்ஐ வயர் வழியே பாக்ஸும் டிவியும் பேசிக்கொள்ளும் நகல் பாதுகாப்பு ஒப்பந்தமும் காரணமாக இருக்கலாம். பாக்ஸின் மென்பொருள் புதிதானதும் டிவியை அது நம்ப மறுக்கும். இரண்டையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கி, எச்டிஎம்ஐயையும் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்து டிவியை முதலிலும் பாக்ஸை அடுத்தும் போட்டுப் பாருங்கள். பாக்ஸில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் இருந்தால் அந்த வழியில் அதே சேனல் வருகிறதா என்று பார்ப்பது விரைவான சோதனை. வந்தால் சேனல் வீட்டுக்குள் வந்துவிட்டது, எச்டிஎம்ஐயில்தான் நிற்கிறது.

‘சந்தா இல்லை’ என்ற செய்தி வந்தால் பூட்டுப் பிரச்சினை. கட்டணச் சேனல்கள் பூட்டிய நிலையில்தான் வரும். இந்தப் பாக்ஸுக்கு இதெல்லாம் திறக்கலாம் என்னும் உத்தரவை நிறுவனம் சிக்னலோடு சேர்த்து அனுப்பும். பாக்ஸ் விழித்திருந்தால்தான் அந்த உத்தரவு போய்ச் சேரும். மேம்பாட்டு இரவில் சுவிட்சையே அணைத்துவிட்டுத் தூங்கும் நல்ல பழக்கம் உள்ளவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உத்தரவு திரும்பத் திரும்பச் சுற்றி வரும் என்பதால், வரும் சேனல் ஒன்றில் வைத்து அரை மணி ஒரு மணி நேரம் பாக்ஸை ஓடவிட்டால் பல சமயம் தானாகத் திறந்துகொள்ளும். இல்லையென்றால் போன் செய்து சிக்னலை மறுபடி அனுப்பச் சொல்லலாம், அனுப்பும்போது பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பூட்டு முறையையே மாற்றிவிட்டார்கள் என்றால் புது கார்டு அல்லது புது பாக்ஸ். பாக்ஸே இல்லாமல் டிவியில் நேராக வயரைச் சொருகிப் பார்த்தவர்களுக்கு, நிறுவனம் எல்லா சேனலையும் பூட்ட முடிவெடுத்த நாளோடு கதை முடிந்தது. அது கோளாறே அல்ல.

சில சேனல்களைக் கேபிள் பாதையிலிருந்து எடுத்து இன்டர்நெட் பாதையில் விட்டிருப்பார்கள். பாக்ஸ் வீட்டு ரவுட்டரோடு இணையாமல் இருந்தால் அவை வராது. இணைந்திருந்தும், படம் வந்து சில நொடி ஓடி, அப்புறம் உறைந்துபோனால், ஒரே ஒளிபரப்பைப் பலருக்கும் ஒருசேர அனுப்பும் மல்டிகாஸ்ட் முறையை உங்கள் ரவுட்டரோ நடுவில் இருக்கும் ஸ்விட்சோ சரியாகக் கையாளவில்லை. இந்தப் ‘பிடித்து, ஓடி, உறையும்’ வரிசையை அப்படியே சொன்னால் தெரிந்த டெக்னீஷியன் உடனே பிடித்துக்கொள்வார்.

கடைசியாக, இருப்பதிலேயே சாதாரணமான காரணம்: சேனல் எங்கும் போகவில்லை, எண் மாறியிருக்கிறது. பெயரை எழுதச் சொன்னது இதற்காகத்தான். நிகழ்ச்சிப் பட்டியலில் பெயரை வைத்துத் தேடுங்கள். ‘பிடித்தவை’ பட்டியலுக்குள் நின்றுகொண்டு தேடாதீர்கள், அது பழைய எண்களைக் கட்டிக்கொண்டு அழும். பழைய எண்ணில் பேய்ச் சேனல் ஒன்று, அதாவது பெயர் மட்டும் மிஞ்சிப் படம் வராதது, குந்தியிருந்தால், புதியது பட்டியலின் கடைசியில் எங்காவது ஒதுங்கியிருக்கும். ஒப்பந்தம் முடிந்து சேனல் நிஜமாகவே பேக்கிலிருந்து நீங்கியிருக்கவும் கூடும், நிறுவனத்தின் புதிய பட்டியலை ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ஸ்கேன்

சீட்டு கையில் இருக்கிறது, பெயரில் தேடியாயிற்று. இனி தாராளமாக ஸ்கேன் செய்யலாம், ஆனால் சில விஷயங்களைப் பார்த்துவிட்டு. டிவியில் நேராகச் சொருகியிருந்தால் ‘ஆன்டெனா’ இடத்தில் ‘கேபிள்’ என்று இருக்க வேண்டும். நாடு சரியாக இருக்க வேண்டும், துண்டுகளின் அகலம் அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. ‘இலவச சேனல்கள் மட்டும்’ என்பது தேர்வாகியிருந்தால் பூட்டியவை எதுவும் பட்டியலில் ஏறாது. விரைவு ஸ்கேன் என்பது பழைய தொடக்க அதிர்வெண்ணையும் பழைய நெட்வொர்க் எண்ணையும் பிடித்துக்கொண்டு பழைய அட்டவணையைத் தேடும். மேம்பாட்டுக்குப் பிறகு அந்த முகவரியில் யாரும் இல்லாமல் இருக்கலாம். நேரம் ஆனாலும் முழு ஸ்கேன்தான் கொடுக்க வேண்டும். பட்டியலில் பேய்கள் போகாமல் அடம்பிடித்தால், கேபிள் வயரைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஸ்கேன் கொடுங்கள். ஒன்றும் கிடைக்காமல் பட்டியல் காலியாகும். பிறகு வயரைச் சொருகி மறுபடி கொடுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எல்லாவற்றையும்விடப் பலமான சோதனை ஒன்று மிச்சம் இருக்கிறது. கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு பாக்ஸையும் டிவியையும் தூக்கிக்கொண்டு போய், ஸ்பிளிட்டர் ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இல்லாமல் வந்த வயரை நேராகச் சொருகிப் பாருங்கள். அங்கே தொலைந்த சேனல் வந்தால் குற்றம் வீட்டுக்குள். அங்கேயும் வரவில்லை, அதுவும் இரண்டாவது பாக்ஸிலும் வரவில்லை என்றால் அது நிறுவனத்தின் தலைவலி. தெருவில் இருக்கும் பெட்டியைத் திறந்து நீங்களே பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். வீட்டுக்குள் காலியாக விட்ட ஸ்பிளிட்டர் முனைகளுக்கு 75 ஓம் மூடி போட்டுவிடுங்கள். மூடாத முனையில் சிக்னல் மோதித் திரும்பி, ஏதோ ஒரு அதிர்வெண்ணில் குழி பறிக்கும், நல்ல ஸ்பிளிட்டரில்கூட.

இதற்குப் பிறகு செய்யும் போன் கால் வேறு மாதிரி இருக்கும். “சில சேனல் வரல” என்றால் எதிர்முனையில் இருப்பவர் “பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்பார். “682 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் ஒன்பது சேனலும் வரவில்லை, வீட்டுக்குள் வரும் வயரில் நேராகச் சொருகினாலும் தரம் பூஜ்யம், இரண்டு பாக்ஸிலும் பார்த்தாயிற்று” என்றால் அழைப்பு அடுத்த மேசைக்குப் போகும்.

என் வீட்டில் புது ஸ்பிளிட்டர் போட்ட அன்றே முப்பது சேனலும் திரும்பின. ஆனால் ரெக்கார்டரில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தவற்றைப் பார்க்க மறந்துவிட்டேன். அது பழைய எண்ணையே நம்பிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் தினமும் இரவு எட்டு மணிக்குத் தவறாமல் பதிவு செய்திருந்தது, வீட்டில் ஆவலாகக் காத்திருந்த தொடருக்குப் பதிலாக, உடற்பயிற்சி இயந்திரம் விற்கும் விளம்பரச் சேனலை.